ஒரு ராத்திரிதானே? பட்டாசின் கேட்டை எப்படிக் கணக்கிடுவது

பட்டாசைப் பற்றிப் பேச்செடுத்தாலே இரண்டு வாதங்கள் மோதிக்கொள்கின்றன. "வருஷம் முழுக்க வண்டிகளும் ஆலைகளும் கக்கும் புகையை விட்டுவிட்டு, ஒரு ராத்திரி வெடிப்பதைப் பிடித்துக்கொள்கிறீர்களே" என்பது ஒன்று. "காற்று கெட்டதே பட்டாசால்தான்" என்பது இன்னொன்று. கேட்கிறவருக்குக் குழப்பம்தான் மிஞ்சுகிறது. காரணம், இரு தரப்பும் போடும் கணக்கு வெவ்வேறு.

ஜெர்மனியின் மத்தியச் சுற்றுச்சூழல் முகமை இரண்டு கணக்கையும் போட்டுக் காட்டியிருக்கிறது. அந்நாட்டில் பட்டாசால் ஆண்டுக்குச் சுமார் 2,050 டன் நுண்துகள் காற்றில் கலக்கிறது. நாட்டின் மொத்த நுண்துகளில் இது சுமார் 1 சதவீதம்தான். ஆனால் இதில் பெரும்பகுதி புத்தாண்டு இரவு ஒன்றிலேயே வெளியாகிறது. நள்ளிரவைத் தாண்டிய முதல் ஒரு மணி நேரத்தில், பெருநகரங்களில் ஒரு கன மீட்டர் காற்றில் 1,000 மைக்ரோகிராம் அளவுக்குத் துகள் ஏறுவது அங்கே அரிதல்ல. இரண்டு தகவலும் உண்மைதான். ஆனால் நுரையீரல் ஆண்டுச் சராசரியைச் சுவாசிப்பதில்லை. அந்த நிமிடத்தில் மூக்குக்கு முன்னால் இருப்பதைத்தான் சுவாசிக்கிறது. காதும் கண்ணும் அப்படியே. கூட்டில் உறங்கும் பறவைக்கும் அதே கதிதான். பட்டாசின் கேடு அதன் மொத்த அளவில் இல்லை, அது குவியும் விதத்தில் இருக்கிறது. இந்தக் கட்டுரை முழுக்க இந்த ஒரு விஷயத்தை விட்டு நகராமல் பார்ப்போம்.

உள்ளே என்ன இருக்கிறது?

எந்தப் பட்டாசாக இருந்தாலும் வேலை நடப்பது நான்கு வகைப் பொருட்களால்.

1. எரிபொருள்: கரித்தூள், கந்தகம், அலுமினியத் தூள் போன்றவை.
2. ஆக்சிஜன் தரும் உப்பு: பொட்டாசியம் நைட்ரேட் எனும் வெடியுப்பு, பொட்டாசியம் பெர்குளோரேட், பேரியம் நைட்ரேட். வெளிக்காற்றை நம்பாமல் மூடிய காகிதக் குழலுக்குள்ளேயே எரிய முடிவது இவற்றால்தான்.
3. நிறம் தரும் உலோக உப்பு: சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்கு பேரியம், நீலத்துக்குச் செம்பு, மஞ்சளுக்கு சோடியம். வெள்ளொளிக்கு அலுமினியம், மெக்னீசியம், டைட்டானியம்.
4. இவற்றைப் பிடித்து நிறுத்தும் பசையும், மேலே சுற்றிய காகிதமும் பிளாஸ்டிக்கும்.

பழைய கருமருந்தில் 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் என்பது வழக்கமான விகிதம். வானில் நிறம் விரிந்து மறைந்ததும் அந்த உலோகங்களும் மறைந்துவிட்டதாக நமக்குத் தோன்றுகிறது. உலோகம் எரிந்து இல்லாமல் போகாது. ஆக்சைடாகவோ குளோரைடாகவோ மாறி, கண்ணுக்குத் தெரியாத துகளாகக் காற்றிலேயே இருக்கும். பிறகு மண்ணிலும் நீரிலும் இறங்கும்.

சத்தம்: காது சுதாரிப்பதற்குள் முடிந்துவிடும் வேலை

டெசிபெல் என்பது ஏணிப்படி போல ஒரே சீராக ஏறும் அளவு அல்ல. ஒவ்வொரு 10 டெசிபெல் கூடும்போதும் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. ஆகவே 120க்கும் 140க்கும் உள்ள இடைவெளி நூறு மடங்கு.

திடீர் வெடிச்சத்தத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச வரம்பு பெரியவர்களுக்கு 140 டெசிபெல், குழந்தைகளுக்கு 120. இதை ஒரு விதியோடு வைத்துப் பார்ப்போம். இந்தியச் சட்டம் ஒற்றை வெடிக்கு அனுமதிக்கும் உச்சம், வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 145 டெசிபெல். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபெல் குறையும். ஆக 8 மீட்டரில் 139, 16 மீட்டரில் 133, 32 மீட்டரில் 127. குழந்தைக்கான 120ஐத் தொட ஏறத்தாழ 70 மீட்டர் விலக வேண்டும். எந்தக் குழந்தை 70 மீட்டர் தள்ளி நின்று வெடி பார்க்கிறது? இத்தனைக்கும் இது சட்டத்துக்கு உட்பட்ட வெடியின் கணக்கு. இருபுறமும் சுவர் நெருங்கிய சந்தில் எதிரொலியும் சேரும் என்பதால் இந்தக் குறைவுகூடக் கிடைக்காது.

காதுக்குள் ஒரு தற்காப்பு உண்டு. பெருஞ்சத்தம் கேட்டால் நடுச்செவியின் சின்னஞ்சிறு தசைகள் இறுகி, உள்ளே போகும் ஒலியைக் குறைக்கும். ஆனால் அது இறுகுவதற்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு வரை ஆகலாம். வெடியின் உச்சம் சில மில்லி நொடிகளில் முடிந்துவிடும். உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. அதனால்தான் ஒரே ஒரு வெடி ஆயுளுக்கும் காதிரைச்சலைத் தந்துவிட முடிகிறது.

காது கெடாத தூரத்தில் இருப்பவர்களுக்கும் சத்தம் வேறு விதமாகத் தீங்கு செய்கிறது. போரிலிருந்து தப்பி வந்தவர்களுக்கும், போர்முனையில் பணியாற்றியவர்களுக்கும் அந்த ஒலி வெறும் ஒலி அல்ல. உடல் பழைய நாளுக்கே திரும்பிவிடுகிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலருக்குச் சத்தம் வலியாகவே உறைக்கும். மறதி நோயில் இருக்கும் முதியவருக்கு என்ன நடக்கிறதென்று சொல்லிப் புரியவைக்க முடியாது. இவர்களில் யாரும் அந்த வெடியைக் கொளுத்தவில்லை.

விலங்குகளும் பறவைகளும்

மனிதக் காது கேட்கும் உச்ச அதிர்வெண் நொடிக்கு 20,000. நாய் சுமார் 45,000 வரையும், பூனை 60,000க்கு மேலும் கேட்கும். நமக்கு "டமார்" என்று கேட்பதற்கு மேல் இருக்கும் கூர்மையான பகுதியும் அவற்றின் காதில் விழுகிறது. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இடி வருவதற்கு முன் காற்று மாறும், வானம் இருளும், மின்னல் தெரியும். பட்டாசுக்கு அப்படி எந்த அறிகுறியும் கிடையாது. எங்கிருந்து வருகிறது, எப்போது நிற்கும், எந்தப் பக்கம் ஓடினால் தப்பலாம் என்பது எதுவும் விலங்குக்குத் தெரிவதில்லை. தப்பிக்க வழி தெரியாத பயம், பழக்கத்தால் குறைவதற்குப் பதிலாகப் பல விலங்குகளுக்கு வருஷா வருஷம் கூடிக்கொண்டே போகிறது.

2019ல் வெளியான ஓர் ஆய்வில், நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டபோது பாதிக்கு மேற்பட்ட நாய்கள் வெடிச்சத்தத்துக்கு ஓரளவாவது பயப்படுவதாகத் தெரிந்தது. பெரும்பாலானவை மறுநாள் காலைக்குள் தேறிவிடுகின்றன. ஒரு சிறு பகுதிக்கு அந்தப் பயம் வாரக்கணக்கில் நீடிக்கிறது. நாய் குரைத்தால்தான் பயம் என்று பலர் நினைக்கிறார்கள். கட்டிலுக்கடியில் சுருண்டு கிடப்பது, விடாமல் மூச்சிரைப்பது, எச்சில் வடிப்பது, தின்பண்டத்தை முகர்ந்துகூடப் பார்க்காதது, காது பின்னே மடிந்து உடல் நடுங்குவது எல்லாம் அதே பயம்தான். "சத்தமே போடவில்லை, நன்றாகத்தான் இருந்தது" என்று சொல்லப்படும் நாய்களில் எத்தனையோ இப்படி உறைந்துபோய்க் கிடந்தவைதான். மிரண்டு ஓடும் நாய் வண்டியில் அடிபடுகிறது. குதிரை வேலியில் பாய்ந்து காயப்படுகிறது.

வீட்டு விலங்கின் துயரமாவது கண்ணில் படும். பறவைகளின் துயரத்தைப் பார்க்க ரேடார் தேவைப்பட்டது. நெதர்லாந்தில் மழையை அளக்கும் வானிலை ரேடார்களைக் கொண்டே ஆய்வாளர்கள் பறவைகளையும் கணக்கிட்டார்கள். பட்டாசு தொடங்கிய சில நிமிடங்களில், சாதாரண இரவைப்போல் சராசரியாக ஆயிரம் மடங்கு பறவைகள் இருட்டில் எழும்பிப் பறந்தன. வெடித்த இடத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் விளைவு கடுமையாக இருந்தது. 10 கிலோமீட்டர் வரையிலும் அதைக் காண முடிந்தது.

எழும்பிப் பறந்தால் என்ன, மறுபடி உட்கார்ந்துவிடுமே என்று தோன்றலாம். ஐரோப்பாவில் குளிர்காலத்தைக் கழிக்கும் காட்டு வாத்துகளுக்கு ஜிபிஎஸ் கருவி பொருத்திப் பார்த்த ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. புத்தாண்டு இரவில் அவை சராசரியாக 2 மணி நேரம் குறைவாக உறங்கின. வழக்கத்தைவிட 5 முதல் 16 கிலோமீட்டர் கூடுதலாகவும், 40 முதல் 150 மீட்டர் அதிக உயரத்திலும் பறந்தன. விட்டுப்போன உறங்குமிடத்துக்குத் திரும்பவில்லை. செலவான தெம்பை ஈடுகட்ட, மீதமிருந்த குளிர்கால நாட்களிலும் கூடுதல் நேரம் மேய்ந்தன. நமக்கு அரைமணிக் கொண்டாட்டம், அவற்றுக்கு மீதிப் பருவம் முழுக்கக் கடன்.

சில நேரம் விளைவு இதைவிடக் கொடியது. 2010 டிசம்பர் 31 இரவு அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் உள்ள பீபி என்ற சிற்றூரில், கூட்டமாக உறங்கிய சுமார் 5,000 கரும்பறவைகள் செத்து விழுந்தன. அவை இரவில் பார்வை மங்கும் இனம். வெடிச்சத்தத்தில் கலைந்து தாழப் பறந்து, வீடுகளிலும் மரங்களிலும் மோதின. பரிசோதித்த பறவைகளில் மோதலால் ஏற்பட்ட உட்காயங்கள் இருந்தன. நஞ்சு எதுவும் காரணமல்ல, சத்தம் மட்டும் போதுமாக இருந்தது.

புகை: ஏன் இரவில் இவ்வளவு மோசம்?

பிஎம் 2.5 என்பது 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள துகள். தலைமுடியின் பருமனில் சுமார் முப்பதில் ஒரு பங்கு. மூக்கின் மயிராலும் சளியாலும் இதைத் தடுக்க முடியாது. நுரையீரலின் காற்றறைகள் வரை போய், அதில் மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலக்கின்றன. இதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் 24 மணி நேர வழிகாட்டு அளவு, கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். கந்தகம் எரிவதால் வரும் சல்பர் டை ஆக்சைடு வாயு வேறு மூச்சுக்குழாயைச் சுருக்குகிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்குச் சில நிமிடங்களிலேயே இழுப்பு வரக் காரணம் இந்த இரண்டின் கூட்டு.

பகலில் தரை சூடாகி, காற்று மேலெழும்பி, புகையும் கலைந்துபோகும். இரவில் தரை குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய குளிர்காற்றின் மேல் வெப்பக் காற்று மூடிபோலப் படிவதும் உண்டு. இதற்கு வெப்பநிலைத் தலைகீழாக்கம் என்று பெயர். காற்று வீசாத குளிரிரவில் அந்த மூடிக்குக் கீழேயே புகை மறுநாள் காலைவரை தங்கிவிடும். இதே காற்றடுக்கு ஒலியையும் தரையை நோக்கி வளைத்துத் திருப்புவதால் சத்தம் வெகுதூரம் கேட்கும் என்பது பலரும் கவனிக்காத விஷயம். புகைக்கும் சத்தத்துக்கும் மிக மோசமான நேரம் ஒன்றே.

எந்தப் பட்டாசு அதிகம் புகைக்கிறது என்பதில் பெரும்பாலானோர் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். புணேயின் செஸ்ட் ரிசர்ச் ஃபவுண்டேஷன், பட்டாசு கொளுத்துபவர் நிற்கும் தூரத்திலேயே கருவியை வைத்து அளந்தது. ஒரு கன மீட்டரில் மைக்ரோகிராம் கணக்கில், பிஎம் 2.5 எட்டிய உச்சம் இது:

1. பாம்பு மாத்திரை: 64,500
2. சரவெடி: 38,540
3. கம்பி மத்தாப்பு: 10,390
4. தரைச்சக்கரம்: 9,490
5. புஸ்வாணம்: 4,860

முதலிடத்தில் இருப்பது வெடிக்கவே வெடிக்காத ஒரு கறுப்பு வில்லை. "இது சின்னப் பிள்ளைக்கு" என்று கையில் கொடுக்கப்படுவதும் அதுதான். நெருப்பு வைத்ததும் குழந்தை குந்தி உட்கார்ந்து, பாம்பு வளர்வதை முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்க்கும். அடர்ந்த புகை எழுவது நேராக அந்த முகத்தை நோக்கி. சத்தமில்லை என்றால் ஆபத்தில்லை என்ற நம்பிக்கை தவறென்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இவை சில நிமிட உச்சங்கள், 24 மணி நேர அளவோடு நேராக ஒப்பிடக் கூடாது என்பது சரி. ஆனால் அந்த நிமிடங்களில் அங்கே குனிந்திருக்கும் நுரையீரல் ஒரு குழந்தையுடையது.

துகளின் அளவு மட்டுமல்ல, அதில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020ல் 12 வகைப் பட்டாசுகளின் புகையைச் சோதித்தபோது, இரண்டில் தீங்கு விளைவிக்கும் அளவுக்கு ஈயம் இருந்தது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவென்று எதுவும் கிடையாது.

நீரும் மண்ணும்

பெர்குளோரேட் முழுவதும் எரிந்து தீர்வதில்லை. எரியாமல் விழுந்தது நீரில் எளிதாகக் கரையும். உடலுக்குள் போனால், தைராய்டு சுரப்பி அயோடினை உறிஞ்சும் அதே வழியில் புகுந்து அயோடினுக்கு இடைஞ்சல் செய்யும். அயோடின் பற்றாக்குறை உள்ளவர்களுக்கும், வயிற்றிலுள்ள சிசுவின் மூளை வளர்ச்சிக்கும் இது கவலை தரும் விஷயம்.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஓர் ஏரிக்கு அருகே நடந்த வாணவேடிக்கைகளை ஆய்வாளர்கள் தொடர்ந்து கண்காணித்தார்கள். வேடிக்கை முடிந்த 14 மணி நேரத்துக்குள் நீரில் பெர்குளோரேட் இயல்பைப்போல் 24 முதல் 1,028 மடங்கு வரை உயர்ந்தது. பழைய நிலைக்குத் திரும்ப 20 முதல் 80 நாள் ஆனது. நீர்நிலைக்கு மேல் வாணம் விடுவது தீ விபத்தைத் தவிர்க்கும் என்பதால் அதைப் பாதுகாப்பான ஏற்பாடாகக் கருதுகிறோம். குடிநீர் எடுக்கும் ஏரியென்றால் அந்த ஏற்பாட்டின் விலை இது.

வறண்ட காட்டுக்கருகே விடுவதோ அதைவிட மோசம். 2017 செப்டம்பரில் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலப் பள்ளத்தாக்கு ஒன்றில் ஒரு சிறுவன் எறிந்த பட்டாசு, சுமார் 20,000 ஹெக்டேர் காட்டை எரித்தது.

கையும் கண்ணும்

கம்பி மத்தாப்பின் நுனி சுமார் 1,000 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். சில உலோகங்கள் உருகும் வெப்பம் அது. எரிந்து முடிந்த கம்பியும் நெடுநேரம் தோலைப் பொசுக்கும். வெறுங்காலில் அதை மிதிப்பது வழக்கமான காயங்களில் ஒன்று.

கண் காயங்களில் ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது. பல நாடுகளின் மருத்துவப் பதிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அடிபட்டவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் பட்டாசைத் தொடவே இல்லை, வேடிக்கை பார்த்தவர்கள். கண்ணில் பட்டால் செய்யக் கூடாதவையும், கடைசியாகச் செய்ய வேண்டியதும்:

1. கசக்கக் கூடாது, அழுத்தக் கூடாது. கிழிந்த கண்ணின் உட்பொருள் வெளியே வந்துவிடும்.
2. குத்தி நிற்கும் துணுக்கைப் பிடுங்கக் கூடாது.
3. கண்ணில் காயம் பட்டிருந்தால் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. களிம்போ சொட்டு மருந்தோ போடக் கூடாது.
4. கண்ணில் படாதபடி ஒரு காகிதக் குவளையைக் கவிழ்த்து மூடி, நேராகக் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

தோலில் சுட்ட காயத்துக்கு 20 நிமிடம் குழாய் நீரோட்டம். பேனா மையும் பற்பசையும் புண்ணைக் கெடுப்பவை.

செய்யும் கைகள்

வெடிமருந்துக் கலவைக்கு நெருப்பு தேவையில்லை. உராய்வு, ஆடையில் தேங்கிய மின்னூட்டம், கலவைக்குள் ஈரம் பட்டுத் தானாக ஏறும் சூடு, இவற்றில் ஒன்று போதும். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் சுமார் 40 பேர் இறந்தார்கள். நெதர்லாந்தின் என்ஸ்கெடேயில் 2000 மே 13 அன்று, குடியிருப்புக்கு நடுவே இருந்த பட்டாசுக் கிடங்கு வெடித்து 23 பேர் மாண்டார்கள். பட்டாசின் கேட்டைக் கொளுத்தும் நிமிடத்திலிருந்து கணக்கிடுவது முறையல்ல. அது மருந்து கலக்கும் அறையிலேயே தொடங்கிவிடுகிறது.

மாற்றுகள் எதை மாற்றுகின்றன?

ஒவ்வொரு மாற்றும் ஒரு கேட்டைக் குறைத்து இன்னொன்றை அப்படியே விடுகிறது. அதனால் "இது நல்லதா" என்று கேட்பதைவிட "இது எதைக் குறைக்கிறது" என்று கேட்பது பயன் தரும்.

1. பசுமைப் பட்டாசு. இந்தியாவின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் (நீரி) வகுத்த கலவைமுறை. துகள் வெளியீடு குறைந்தது 30 சதவீதம் குறையும். அதாவது 70 சதவீதம் வரை மிஞ்சும். பத்து வெடிப்பவர் "பசுமைதானே" என்று பதினைந்து வெடித்தால், பழைய பத்தைவிடச் சற்று அதிகமாகவே துகள் வரும். பறவைக்கும் நாய்க்கும் இதனால் பெரிய ஆறுதல் இல்லை.
2. சத்தம் குறைந்த வாணம். விலங்குகளுக்கும் காதுக்கும் நிச்சயம் நல்லது. நிறத்துக்கான உலோகமும் புகையும் அப்படியே இருக்கும்.
3. ட்ரோன், லேசர் காட்சி. புகையும் வெடிச்சத்தமும் இல்லை. பறவைகள் கூடு கட்டும் இடத்துக்கு மேல் ட்ரோனும் தொந்தரவுதான்.
4. ஒரே இடத்தில், அறிவித்த நேரத்தில் பொதுக் காட்சி. எனக்குச் சரியாகப்படுவது இதுதான். குழந்தையின் கையில் வெடி இருக்காது, எல்லோரும் போதிய தூரத்தில் இருப்பார்கள், எப்போது தொடங்கி எப்போது முடியும் என்று நோயாளிக்கும் நாய் வளர்ப்பவருக்கும் முன்பே தெரியும். பறவைகள் தங்கும் நீர்நிலையிலிருந்தும் காட்டிலிருந்தும் சில கிலோமீட்டர் தள்ளி, காற்றோட்டம் உள்ள இடமாகத் தேர்ந்தெடுக்கவும் முடியும்.

வீட்டில் நாய், பூனை இருந்தால்

1. இருட்டுவதற்கு முன்பே வெளியே கூட்டிப்போய் வந்துவிட வேண்டும். கதவு, சன்னல், வெளிவாசல் மூன்றும் சாத்தியிருக்க வேண்டும். கழுத்துப் பட்டையில் தொலைபேசி எண் இருந்தால், ஓடிப்போனாலும் திரும்பி வர வழியுண்டு.
2. ஒளிந்துகொள்ளும் இடத்தை அதுவே தேர்ந்தெடுக்கட்டும். அங்கிருந்து இழுத்து வெளியே கொண்டுவரக் கூடாது. திரைச்சீலை, மின்விசிறி, பாட்டு ஆகியவை வெளிச்சத்தத்தின் கூர்மையை மழுக்கும்.
3. பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் கூடும் என்பது தவறான நம்பிக்கை. அருகில் வந்தால் தாராளமாக அணைத்துக்கொள்ளலாம்.
4. மிகவும் பயப்படும் நாய்க்குச் சில வாரம் முன்பே கால்நடை மருத்துவரிடம் பேச வேண்டும். பயத்தையே குறைக்கும் மருந்துகள் இப்போது உள்ளன. முன்பு அதிகம் தரப்பட்ட அசெப்ரோமசின் என்ற மருந்து உடலைத் தளர்த்திவிடும், பயத்தைப் போக்காது. நாய் அசையாமல் படுத்திருக்கும். உள்ளுக்குள் எல்லாச் சத்தமும் கேட்டு நடுங்கிக்கொண்டிருக்கும். அதை மட்டும் தனியாகத் தருவதை இன்றைய கால்நடை மருத்துவர்கள் தவிர்க்கச் சொல்கிறார்கள்.
5. சத்தம் கேட்கும்போதெல்லாம் பிடித்த தின்பண்டம் கொடுத்து, சத்தத்தையும் இன்பத்தையும் இணைக்கும் பயிற்சிக்கு நல்ல பலன் இருப்பதாக, அதைச் செய்துபார்த்த நாய் வளர்ப்பவர்களில் சுமார் 70 சதவீதத்தினர் ஓர் ஆய்வில் சொன்னார்கள். முன்கூட்டியே பழக்கும் பயிற்சி வேறு. அதற்குப் பதிவுசெய்த வெடிச்சத்தத்தை மிக மெல்ல ஒலிக்கவிட்டு, நாய் காதைக்கூட அசைக்காத அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். பண்டிகைக்கு முந்தின நாள் தொடங்கினால் பயன் இல்லை. வெளியே ஒரு வெடிகூடக் கேட்காத மாதங்களில்தான் இதைச் செய்ய முடியும்.